வீடு யாருடைய கால்களுக்காக?



இங்கிலாந்தில் பணியாற்றும் தமிழ்க் குருக்களாகிய எங்களிடம் மக்கள் கொண்டுவரும் கேள்விகளில் மறையுரைக்குத் தொடர்பில்லாதவையே மிகுதி. அவற்றுள் அண்மைக் காலத்தில் அடிக்கடி வருவது இது: “ஃபாதர், வேலை நிலைத்துவிட்டது. வீடு வாங்கலாம் என்றிருக்கிறோம். எந்தப் பக்கம் பார்க்கலாம்?” பெருநகரங்களை விட்டு, சிறிய ஊர்களின் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வேலைக்கு வரும் நம் குடும்பங்கள் பல. அவ்வூர்களிற் பெரும்பாலானவை பழைய சந்தை ஊர்கள். 500 ஆண்டு வயதுள்ள மரச்சட்ட வீடுகளையும், கல் பாவிய சந்துகளையும், நடுவில் உயர்ந்து நிற்கும் கோயில் கோபுரத்தையும் கண்டவுடன் மனம் பறிபோகும். மனம் பறிபோன வேளையில் எவரும் கையெழுத்திடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்குக் குளோஸ்டர்ஷயரில் உள்ள டியூக்ஸ்பரியை எடுத்துக்கொள்கிறேன். செவர்ன், ஏவான் என்னும் இரண்டு ஆறுகள் கலக்கும் கூடுதுறை அவ்வூர். 1121இல் நேர்ந்தளிக்கப்பட்ட துறவுமடக் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. எட்டாம் ஹென்றி மன்னர் துறவுமடங்களைக் கலைத்தபோது, ஊர் மக்கள் 453 பவுன் கொடுத்து அக்கோயிலை வாங்கித் தங்கள் பங்குக் கோயிலாக்கிக் காப்பாற்றினார்கள். அதைச் சுற்றி மூன்று முதன்மைத் தெருக்கள். அவற்றிலிருந்து உள்ளே பிரியும் எண்ணற்ற குறுஞ்சந்துகள்.

அந்தச் சந்துகள் அழகுக்காகத் தோன்றியவை அல்ல. ஊரைச் சூழ்ந்த புல்வெளிகள் வெள்ளத்துக்கு உரியவை என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். ஆதலால் ஊர் வெளியே பரவ முடியவில்லை. இருந்த சிறு மேட்டிலேயே, வீடுகளின் கொல்லைப்புறங்களில் மேலும் வீடுகளை நெருக்கிக் கட்டி, இடையே ஆள் நடக்கும் அளவுக்கு வழி விட்டார்கள். இரு ஆறுகளுக்கும் நடுவே ‘செவர்ன் ஹாம்’ என்றொரு பரந்த புல்வெளி உண்டு. ஊருக்கு அவ்வளவு அருகில் இருந்தும் அங்கே ஒரு வீடுகூட இல்லை. பழைய ஊர் ஒன்றில் இடம் தேடுகிறவர்கள், எங்கே வீடுகள் இருக்கின்றன என்பதைப் பார்ப்பதற்கு முன், எங்கே வீடுகள் இல்லை என்பதைப் பாருங்கள். அந்த வெற்றிடம் ஆற்றின் அறை. ஆறு தன் அறைக்குத் திரும்பி வரும்.

2007 ஜூலையில் வந்தது. கோயில் தீவாக நிற்க, சுற்றிலும் நீர் பரந்த வான்படம் நாளிதழ்களில் எல்லாம் வெளிவந்தது. அருகிலிருந்த குடிநீர் நிலையம் மூழ்கியதால், ஏறக்குறைய 3,50,000 பேருக்கு நாட்கணக்கில் குழாய்நீர் இல்லை. ஊரைச் சுற்றி எங்கும் நீர். குடிக்க மட்டும் நீர் இல்லை. 2020லும் 2024லும் ஆறுகள் மீண்டும் கரை கடந்தன. இவ்வளவுக்குப் பின்னும் மக்கள் அவ்வூரை நேசித்தே வாழ்கிறார்கள். ஆகவே, “அங்கே போகாதீர்கள்” என்பது என் அறிவுரை அல்ல. ஊரைப் படிக்கத் தெரிந்து போங்கள் என்பதே.

நானறிந்த ஒரு குடும்பத்தின் தேடலைச் சொல்கிறேன். மனைவி செவிலியர்; கணவர் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர்; இரண்டு பிள்ளைகள். கணவரின் தாயார் 6 மாத விசாவில் வந்து செல்வார். அவர்கள் அழைத்ததால் மூன்று வீடுகளையும் பார்க்க நானும் உடன் சென்றேன்.

முதலாவது, சந்துக்குள் இருந்த மரச்சட்ட வீடு. உத்தரங்களைக் கண்டு பிள்ளைகள் துள்ளினார்கள். ஆனால் அது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். சன்னலை மாற்றவும் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றி மாற்றுவது குற்றம். தாளிக்கும் புகை வெளியேற ஒரு விசிறி பொருத்தச் சுவரில் துளையிடுவதற்கும் அப்படியே. நம் சமையலறைக்கு இது சிறிய செய்தி அல்ல. அன்றியும் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் ஈரத்தை வாங்கி வெளிவிட்டு மூச்சுவிடுபவை. அவற்றின்மேல் யாரோ எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தால், ஈரம் உள்ளேயே தங்கி மரத்தை அரிக்கும். இதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. பழங்கட்டடம் அறிந்த சர்வேயர் வேண்டும்.

இரண்டாவது, ஊருக்கு ஏறத்தாழ இரண்டு மைல் கிழக்கே, ரயில் நிலையமும் நெடுஞ்சாலையும் இருக்கும் ஆஷ்சர்ச் பக்கம் எழுந்த புது வீடு. நான்கு படுக்கையறைகள், இரண்டு கார் நிறுத்த இடம், கதகதப்பு. மகனுக்குப் பிடித்துவிட்டது. தாயார் சன்னல் வழியே தெருவை நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “வீடு நல்லாத்தான் இருக்கு, சாமி. ஆனா வெளிய எறங்கி யாரப் பாக்க?”

மூன்றாவது, ஊர் நடுவிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில், மேட்டில் நின்ற, 1950களின் அழகற்ற செங்கல் வீடு. அதைப் படம் எடுக்கக்கூட எவரும் கைப்பேசியை எடுக்கவில்லை.

அன்று மாலை தம்பதியரிடையே வாக்குவாதம் எழுந்தது. மறுவிற்பனை மதிப்பு, பள்ளி, கார் என்று மகன் அடுக்கினார். அவர் சொன்ன எதுவும் தவறல்ல. மருமகள் ஒன்றே கேட்டார்: “நான் இரவுப்பணி முடிந்து பகலில் தூங்கும்போது அத்தை எங்கே போவார்கள்?” முந்தைய குளிர்காலத்தில், ஊருக்கு வெளியே வாடகை வீட்டில் இருந்தபோது, அந்தத் தாய் வாரக்கணக்கில் வாசல் தாண்டவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி, தவணை முடியுமுன்னே ஊருக்குத் திரும்பிவிட்டார். முழங்கால் வலிதானா என்பதை அன்றுவரை அவ்வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

மூன்றாவது வீட்டையே வாங்கினார்கள். இழப்பு இல்லாமல் இல்லை. மகன் காரைத் தெருவில் இடம் தேடி நிறுத்துகிறார். மூன்றாவது அறையில் ஒரு கட்டிலுக்குமேல் போட இடமில்லை. ஆனால் அந்தத் தாய் இவ்வாண்டு நாள்தோறும் கடைத்தெருவுக்கு நடந்து போய் வந்தார். காய்கறிக்காரர் அவருக்கென்று கொத்தமல்லிக் கட்டை எடுத்து வைப்பாராம். இருவருக்கும் பொதுவான மொழி பத்துச் சொல் இருக்காது. விசா முடியும் கடைசி வாரம்வரை இருந்துவிட்டே சென்றார்.

வீடு தேடும் உங்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். வெயிலில் பார்த்த வீட்டை மழையிலும், பகலில் பார்த்ததை இரவிலும் மீண்டும் பாருங்கள். காரில் போகாமல், கடையிலிருந்து வீட்டுக்குப் பையோடு நடந்து பாருங்கள். அஞ்சல் குறியீட்டை இட்டால் வெள்ள அபாயத்தைக் காட்டும் அரசு இணையதளம் உண்டு, கட்டணமில்லை. அதைவிடத் தெளிவாக, எதிர்வீட்டு முதியவரிடம், “2007இல் தண்ணீர் எதுவரை வந்தது?” என்று கேளுங்கள்; சுவரைத் தொட்டே காட்டுவார். விலை பேசுமுன் காப்பீட்டுத் தொகையைக் கேட்டறியுங்கள். வெள்ளப் பகுதி வீடுகளுக்கான ‘ஃப்ளட் ரீ’ திட்டம் 2009க்கு முன் கட்டிய வீடுகளுக்கு மட்டுமே. அதுவும் 2039 வரைதான். எனவே புது வீடு என்பதாலேயே அச்சமற்றது என்று எண்ணிவிடாதீர்கள். இயலுமானால் ஒரு குளிர்காலம் அவ்வூரில் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, இன்றிரவு உணவு மேசையில் ஒரு கணக்குப் போடுங்கள். நம் வீட்டில் பகல் வேளையில் அதிக நேரம் இருக்கப்போவது யார்? சம்பாதிப்பவர் பெரும்பாலும் அவராக இருக்கமாட்டார். கடன் பத்திரத்தில் அவர் பெயர் இருக்காது. வீடு பார்க்கப் போகும்போது காரில் இடமில்லை என்று விட்டுச் செல்லப்படுபவரும் அவரே. அடுத்த வீட்டைப் பார்க்கப் போகும்போது அவரை முன் இருக்கையில் அமர்த்தி அழைத்துச் செல்லுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லத்தோடு இருப்பதாக.