வன்னி வீதியும் மகன் கேட்கும் மோட்டார் சைக்கிளும்



வவுனியா நகரைக் கடந்து வடக்கே செல்லும் ஏ-9 வீதியில் ஒரு முறையேனும் நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று ஊர்கள் வரிசையாக வரும். ஊருக்கும் ஊருக்கும் இடையே காடு. காட்டின் நடுவே குளம். குளத்தின் கீழே வயல். மாங்குளத்தில் வலப்புறம் திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு. பரந்தனில் திரும்பினாலும் விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக அதே முல்லைத்தீவு.

பெரிய வீதியை விட்டு உள்ளே இறங்கினால்தான் வன்னியின் தூரம் தெரியும். வீடு ஓரிடம், வயல் ஓரிடம், பாடசாலை ஓரிடம், ஆஸ்பத்திரி இன்னோரிடம். பஸ் வரும் நேரத்தை நம்பிக் காரியம் செய்ய முடியாது. எனவேதான் அங்கே மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளாக இல்லை. பால் கேனும், உரப்பையும், மீன் பெட்டியும், காய்ச்சல்காரப் பிள்ளையும் அதிலேதான் போக வேண்டும். முந்தைய தலைமுறைக்கு மாட்டுவண்டி எப்படியோ, இன்றைய தலைமுறைக்கு அது அப்படி.

ஆகவே சாளம்பைக்குளத்திலோ, நீராவிப்பிட்டியிலோ, நாச்சிக்குடாவிலோ வாழும் ஓர் உம்மாவிடம் மகன் வந்து மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆனால் மகன் மனத்தில் வைத்திருப்பது வேறு. முன்னே குனிந்து ஓட்டும் ரேஸ் பைக். "பழையதாகப் பார்த்து மலிவாக வாங்குவோம் உம்மா. பிறகு மெல்ல மெல்ல செய்துகொள்ளலாம்" என்கிறான். அந்தப் பணம் பெரும்பாலும் உம்மாவின் கை வளையலிலிருந்துதான் வருகிறது. பணம் கொடுப்பவருக்குப் பொருளைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

வண்டியை மாற்றி அமைக்கும் கலை வன்னிக்குப் புதிதல்ல. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். நம் குடும்பங்கள் பல புத்தளத்து அகதி முகாம்களில் ஓலைக் குடிசைகளில் இருந்த அந்த ஆண்டுகளில், வன்னியில் எஞ்சியிருந்த மக்கள் பொருளாதாரத் தடையில் சிக்கியிருந்தார்கள். பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. அப்போது அவர்கள் செய்த காரியத்தை மீள்குடியேறிய பின் அண்டை வீட்டுத் தமிழ்ச் சகோதரர்கள் சொல்ல நம்மில் பலர் கேட்டிருக்கிறோம்.

ஒரு சிறு போத்தலில் சிறிதளவு பெற்றோல். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும் குழாயால் அதைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டு என்ஜினைக் கிளப்புவார்கள். என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சூடான பிறகே எரியும். அந்த நுட்பத்தை அனுபவத்தாலேயே கண்டுகொண்டார்கள். புகை கக்கும், பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். இருந்தாலும் வண்டி ஓடியது. நோயாளி ஆஸ்பத்திரி சேர்ந்தார். ஆசிரியர் பாடசாலை சேர்ந்தார்.

இதை ஏன் சொல்கிறேன்? அவர்கள் வண்டியில் செய்த மாற்றம் ஊர் பார்க்கச் செய்ததல்ல, போய்ச் சேரச் செய்தது. மகனின் திட்டத்தையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் இதே பாடத்தை நாடு முழுவதும் படித்தது. க்யூ.ஆர். அட்டை முறை தொடங்கியபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு நான்கு லீற்றர்தான். அதிகம் குடிக்கும் வண்டி எவ்வளவு பெரிய சுமை என்பது அப்போது பல வீடுகளில் விளங்கியது.

மகன் கேட்பது எது?

போருக்குப் பின் வன்னி வீதிகளில் பெருகியவை இந்திய வண்டிகள். இந்தியாவில் 2001இல் வெளிவந்த பஜாஜ் பல்சரும், 2008இல் வெளிவந்த யமஹா எஃப்.ஸீ.யும், ஆர்-15உம் இளைஞர்களின் கனவில் வருபவை. இவற்றில் ஆர்-15தான் உண்மையான ரேஸ் சாயல் உள்ளது. தண்ணீரால் குளிரூட்டும் என்ஜின், தாழ்ந்த ஹேண்டில், பின்னால் உயர்ந்த சிறிய ஆசனம்.

வேறு சிலருக்கு ஜப்பானிலிருந்து பழையதாக வந்த 250 சீசீ வண்டிகள் மேல் ஆசை. ஹோண்டா ஹோர்னெட் 250 போன்றவற்றில் நான்கு சிலிண்டர்கள். சத்தம் இனிமைதான். ஆனால் பிளக்கும் நான்கு, கார்புரேட்டரும் நான்கு. வன்னியில் ஒரு சிறு சந்தியில் அது நின்றுவிட்டால், அங்குள்ள பாஸிடம் அதற்கான பாகம் இருக்காது.

விலையும் ஒரு பாடம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல பழைய வண்டிகள், புதிதாக வாங்கிய விலைக்கும் மேலே விற்கப்பட்டன. எனவே ஒருவர் தாம் கொடுத்த விலையைச் சொல்லி "நட்டத்துக்குத் தருகிறேன்" என்றால், அது வண்டியின் தகுதிக்குச் சான்று ஆகாது.

காலையில் போய்ப் பாருங்கள்

பழைய வண்டியை மாலை இருட்டில் பார்க்கக் கூடாது. மழையிலும் பார்க்கக் கூடாது. ஈரம் எல்லாக் கீறலையும் மறைத்துவிடும். காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். நீங்கள் போகுமுன்பே விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், காரணம் இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சூடான என்ஜின் தன் குறையைச் சொல்லாது. கிளப்பியதும் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது, செலவு பெரிது.

பிறகு விழுந்த அடையாளம். ஹேண்டிலின் நுனி, பிரேக் பிடியின் முனை, கால் வைக்கும் கம்பி ஆகிய மூன்றும் உரசியிருந்தால் வண்டி விழுந்திருக்கிறது. பிளாஸ்டிக் கவரைப் புதிதாக மாற்றி ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். இந்த மூன்றையும் மறந்துவிடுவார்கள். முன் சில்லு நேராக இருக்கும்போது ஹேண்டில் கோணலாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மீற்றரில் சொற்பக் கிலோமீற்றர் காட்டி, கால் மிதி இறப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் இறப்பரை நம்புங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பழைய இறப்பர் இறுகிவிடும்; ஈர வீதியில் பிடிக்காது.

புத்தகத்தை வாசியுங்கள்

வண்டியைப் பார்க்க மகனுக்குத் தெரியும். புத்தகத்தை வாசிக்கும் பொறுமை உம்மாவுக்கே உண்டு. பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின் இலக்கமும் சேஸிஸ் இலக்கமும் வண்டியில் பொறித்த இலக்கங்களோடு ஒன்றொன்றாய் ஒத்திருக்க வேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் அதில் உரிமையாளராக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், கடன் தீர்ந்ததற்கான விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்க வேண்டாம். தவணை தவறினால் வண்டியைத் தேடி வருபவர்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

"ஓப்பன் பேப்பர்" என்று ஒரு பழக்கம் இருக்கிறது. கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி கை மாறிக்கொண்டே போகும், பெயர் மாறாது. நாளை ஒரு விபத்து நேர்ந்தால், முன்னைய உரிமையாளருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். காப்புறுதி, புகைப் பரிசோதனை, ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மகனுக்கு 18 வயது நிரம்பி, உரிய சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்த பிறகே சாவி அவன் கைக்குப் போக வேண்டும்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. நனைந்த தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே குவித்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நமக்குத் தெரியும். வளைந்த சட்டத்தின் மேல் புதுக் கவர் போடுவதும் அதே குவியல்தான். மறைத்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை, ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்ற பாடமாக ஓதுகிறோம். வட்டிக்கு நகையை அடகு வைத்து வாங்குவதைவிட, ஆறு மாதம் பொறுத்துச் சேர்த்து வாங்குவது வீட்டுக்கும் மார்க்கத்துக்கும் நல்லது.

எதை முதலில் மாற்றுவது?

வாங்கியாயிற்று. இனி மகனின் பட்டியல் வரும். சத்தமிடும் சைலன்ஸர், திறந்த காற்று வடிகட்டி, அகன்ற பின் டயர், கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்கு, குட்டைக் கண்ணாடி.

அந்தப் பட்டியலைக் கிழிக்க வேண்டாம். வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதலில் நிறுத்துவது: பிரேக் கட்டை, பிரேக் எண்ணெய், இரண்டு நல்ல டயர்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழுதடையும். வாங்கியவுடனே மாற்றிவிடுவது நல்லது. அடுத்தது இழுப்பது: செயினும் அதன் பற்சக்கரங்களும். அடுத்தது காட்டுவது: நேரான, ஒழுங்கான முன்விளக்கும் எரியும் பின்விளக்கும். இவற்றோடு இரண்டு நல்ல தலைக்கவசங்கள், ஒன்றல்ல.

காரணம் வன்னி வீதியே. ஏ-9 நேராக, வழுவழுப்பாக இருக்கிறது. கை தானாக முறுக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரே விநாடியில் சுமார் 28 மீற்றர் பறந்துவிடும். கண் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்த பின் நிற்க எடுக்கும் தூரம் நான்கு மடங்கு. இரவில் தாரின் சூட்டுக்காகக் கட்டாக்காலி மாடுகள் நடு வீதியில் படுத்திருக்கும். காட்டுப் பகுதியில் யானை குறுக்கே வரும். அறுவடை காலத்தில் வீதியோரம் நெல் காயும். அதன்மேல் டயர் ஏறினால் வழுக்கும்.

திறந்த வடிகட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் எப்படியோ, வன்னியின் கிரவல் வீதிப் புழுதியில் அது என்ஜினுக்கு மண் ஊட்டுவதாகும். கம்பனி பொருத்திய வடிகட்டியை அடிக்கடி மாற்றுவதே மேல். சத்தமிடும் சைலன்ஸருக்குச் சட்டத்திலும் இடமில்லை. தொட்டிலில் தூங்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சாட்சி சொல்லும்.

பின்னால் இருப்பவர் யார்?

சகோதரிகளே, இதுவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ரேஸ் அழகுக்காக இளைஞர்கள் முதலில் கழற்றுபவை நான்கு: பின் சில்லின் சேலைத் தடுப்புக் கம்பி, செயின் மூடி, பின் மட்கார்ட், பிடித்துக்கொள்ளும் கம்பி. இந்த நான்கும் ஓட்டுபவருக்காக வைத்தவை அல்ல. பின்னால் இருக்கும் பெண்ணுக்காக வைத்தவை.

ஓடும் சில்லிலோ செயினிலோ அபாயாவின் நுனியோ, முந்தானையோ, கழுத்தைச் சுற்றிய ஷாலோ சிக்கினால், கண் இமைக்கும் நேரத்தில் அது ஆளையே இழுத்துப் போட்டுவிடும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே ஏறுமுன் துணியை மடித்துத் தொடையின் கீழ் செருகிக்கொள்ளுங்கள். ஷாலின் நுனியை உள்ளே விட்டுக் குத்திக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் ஓட்டிப் பாடசாலை செல்லும் ஆசிரியைகளுக்கும் இது பொருந்தும். உயர்ந்த சிறு ஆசனத்தில் ஒரு பக்கமாக அமர்ந்து கையில் பிள்ளையையும் வைத்துக்கொள்வது மிகவும் ஆபத்து. வண்டி பார்க்கப் போகும் அன்றே நீங்களும் கூடப் போய்ப் பின்னால் அமர்ந்து பாருங்கள். உங்களால் நிம்மதியாக அமர முடியாத வண்டி, உங்கள் வீட்டுக்கான வண்டி அல்ல.

வளையலைக் கொடுக்கும் உம்மா இரண்டு நிபந்தனைகள் வைக்கட்டும். சேலைத் தடுப்பைக் கழற்றக் கூடாது. பிரேக்கும் டயரும் புதிதாகாமல் ஸ்டிக்கர் ஒன்றுகூட ஒட்டக் கூடாது. இவ்விரண்டையும் ஏற்கும் மகன் எந்த வண்டியைக் கேட்டாலும், கொஞ்சம் தைரியமாகவே கொடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.