நான்கடி நீளம், இரண்டடி அகலம்



கேரவன் என்றதும் நம்மில் பலருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் சொகுசு வண்டிதான் நினைவுக்கு வரும். மரக்காணம் உப்பளத்தின் ஓரத்தில் நாங்கள் வசிப்பதும் ஒரு வண்டியில்தான். ஓடி முடித்த பழைய மினி பஸ் அது. சக்கரங்களைக் கழற்றிக் கருங்கற்களின் மேல் நிறுத்தியிருக்கிறோம். உப்பு விளையும் மாதங்களில் பாத்திகளின் அருகிலேயே தங்கியாக வேண்டும். ஊரில் இன்னொரு வீட்டுக்கு வாடகை கொடுக்க வருமானம் போதாது. வயதான தாயாரைத் தனியே விட்டு வரவும் மனமில்லை. அவர்களோ, "மறைவிடம் இல்லாத பொட்டலில் நான் எப்படியப்பா இருப்பேன்?" என்று கேட்டுவிட்டார்கள்.

2019-இல் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் அருண் பிரபு, ஓர் ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் வீடு அமைத்தார். படுக்கை, அடுப்படி, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றோடு கழிவறையும் அதனுள் அடங்கியது. அதுவே எங்களுக்குப் பாடமாயிற்று. கட்டிலுக்கு முன்பாகக் கழிவறைக்கே இடம் அளந்தோம். தாயாரின் மூட்டுவலியை எண்ணிச் சுவரில் கைப்பிடியும் பொருத்தினோம். பேருந்துக்குச் சன்னல்கள் மிகுதி. அவற்றின் கீழ்ப்பாதியைப் பலகையால் மறைத்து, மேற்பாதியைக் காற்றுக்கு விட்டோம்.

அடுத்தது தொழுமிடம். ஒருவர் ஸஜ்தா செய்ய நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் போதும். இங்கிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 19 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. வண்டியின் நீளவாட்டத்தை அத்திசைக்கே நிறுத்தியதால், முஸல்லாவை விரித்தவுடன் நடைபாதை தொழுமிடமாகிவிடுகிறது. படுக்கைப் பலகை பகலில் சுவரோடு மடிந்துகொள்ளும்.

உப்பளத்தில் நிலத்தடி நீர் உவர். நல்ல தண்ணீர் ஊரிலிருந்து வர வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் ஒளூச் செய்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஆகவே குழாய் வைக்கவில்லை; மூக்குள்ள கெண்டி ஒன்றே போதுமானதாயிற்று.

உப்புக்காற்று இரும்பை விடாது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் துரு விரைந்து ஏறும். அலுமினியத் தகட்டில் இரும்புத் திருகை நேரே முறுக்கினால், அந்த ஈரத்தில் அலுமினியமே முதலில் அரிக்கும். இடையே பிளாஸ்டிக் வளையம் இட வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். எனவே அடுப்பின் அருகே தரையோடு ஒட்டிக் காற்றுத் துளைகள் அமைத்தோம்.

தாயார் வந்து சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அல்ஹம்துலில்லாஹ், ஊருக்குத் திரும்பும் பேச்சை அவர்கள் எடுப்பதில்லை.

இத்தகைய இடத்தில் குடும்பத்தோடு தங்க நேரும் சகோதரர்களே, எதற்கு முதலிடம் என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டறியுங்கள். அளவு நாடாவைப் பிறகு எடுக்கலாம்.