ஈப்பரில் கைவிட்ட துப்பாக்கி

பெல்ஜியம் தேசத்தின் மேற்கு மூலையில், கடற்கரைக்குச் சற்று உள்ளே தள்ளி, ஈப்பர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் இதனை ஈப்ர் என்பார்கள். பெரிய ஊர் அன்று. ஆயினும் 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் இவ்வூரைப்போல் அடிபட்ட ஊர்கள் மிகச் சிலவே. இன்று நாம் கண்டு வியக்கும் ஜவுளி மண்டபமும், மாதா கோயிலும், கடைவீதியும் தரைமட்டமான பிறகு பழைய மாதிரியிலேயே திரும்பக் கட்டப்பட்டவை.

இங்கே நமக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். ஊரின் கிழக்கே 1927-இல் திறக்கப்பட்ட மெனின் வாசலில், உடல் கிடைக்காமற்போன 54,000-க்கு மேற்பட்ட சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் 400-க்கு மேற்பட்டவை இந்தியப் பெயர்கள். 1915 ஏப்ரல் 26-ஆம் தேதி லாகூர் டிவிஷனைச் சேர்ந்த நம்மவர், முகமூடி இல்லாமல், விஷப்புகைக்கு எதிரே நடத்தப்பட்டார்கள். அந்த யுத்தத்தைத் தொடங்குமுன் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவு 8 மணிக்கு அவ்வாசலில் ஊதும் கொம்பு அவர்களுக்காகவும் ஊதுகிறது என்று எண்ணி நின்றோம்.

மறுநாள் வடகிழக்கே சுமார் 4 மைல் தொலைவிலுள்ள ஸேன் ஜூலியன் கிராமத்துக்குப் புறப்பட்டோம். வழிநெடுகச் சமவெளி; களிமண் பூமி; மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும் சேறு. இவ்வயல்களை உழும் குடியானவர்களுக்கு இன்றும் ஏர்முனையில் பழைய பீரங்கிக் குண்டுகள் அகப்படுகின்றன. அன்று வெடிக்காமல் ஏமாற்றியவை அவை. ஏமாற்றியவையேயொழியச் செத்தவையல்ல. பட்டாளத்தார் வந்து அவற்றை எடுத்துப் போகிறார்கள்.

கிராமத்தின் அருகே நாற்சந்தியில் கனேடியர்களின் நினைவுத் தூண் நிற்கிறது. உயர்ந்த கருங்கல் தூணின் உச்சியில் தலைகவிழ்ந்த ஒரு சிப்பாய். தலைகீழாக ஊன்றிய துப்பாக்கியின்மேல் அவன் இரு கைகளும் ஓய்ந்திருக்கின்றன. ஏப்ரல் 22 முதல் 24 வரை இங்கே முதல் விஷப்புகையை எதிர்த்து நின்ற 18,000 கனேடியரில் 2,000 பேர் மாண்டார்கள் என்று கல்வெட்டுச் சொல்லுகிறது. கல்வெட்டில் சொல்லாத கதை ஒன்று உண்டு. அது அவர்கள் கையிலிருந்த துப்பாக்கியின் கதை.

அதன் பெயர் ராஸ். போயர் யுத்தகாலத்தில் கனடா தனக்குத் துப்பாக்கிகள் வேண்டுமென்று கேட்டபோது பிரிட்டனால் கொடுக்க முடியவில்லை. கனடாவில் தொழிற்சாலை வைக்கவும் பிரிட்டிஷ் முதலாளிகள் முன்வரவில்லை. "நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம்" என்று கனேடியர் துணிந்தார்கள். 1902-இல் ஸர் சார்லஸ் ராஸ் என்ற ஸ்காத்லாந்துப் பிரபுவோடு ஒப்பந்தம் செய்து, க்யுபெக் நகரில் தொழிற்சாலை கண்டார்கள். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? சுதேசியத்துக்காகப் பாடுபட்ட நாம் அந்தத் துணிவைப் பாராட்டவே வேண்டும்.

துப்பாக்கியும் அழகான துப்பாக்கிதான். மற்றவற்றில் பின்புறத்துத் தாழைத் தூக்கித் திருப்பி இழுக்க வேண்டும். ராஸில் நேரே இழுத்துத் தள்ளினால் போதும். குறியும் தவறாது. இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்துப் பந்தயங்களில் இது பரிசுகளை வாரிக்கொண்டது. ஆனால் பந்தய மைதானத்தில் சேறு இல்லை, எதிரி இல்லை, தோட்டாக்கள் பொறுக்கி எடுத்தவை.

ஸேன் ஜூலியனில் மூன்றும் மாறின. ராஸில் தோட்டா அமரும் அறை மிகக் குறுகியது. பிரிட்டனிலிருந்து வந்த தோட்டாக்களோ அளவில் ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்டவை. நாலு தடவை வேகமாகச் சுட்டதும் குழல் சூடேறியது. பித்தளை உறை இறுகியது. தாழ் அசைய மறுத்தது. ஜெர்மானியர் புகைக்குப் பின்னால் நடந்து வருகிறார்கள். இவனோ துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, பூட்ஸ் காலால் தாழை உதைத்துக்கொண்டிருக்கிறான்! மண்வெட்டிக் காம்பால் அடித்துத் திறந்தவர்களும் உண்டு. சுடும்போது முனையிலிருந்த பயனெட் கழன்று விழுவதும் நேர்ந்தது. இதனினும் கொடுமை, தாழைக் கழற்றித் துடைத்தபின் தவறாக மாட்டிவிட்டால், அது பூட்டிக்கொள்ளாமல் பின்னோக்கிப் பாய்ந்து சுட்டவன் முகத்திலேயே அடிக்கக்கூடும்.

யுத்தம் ஓய்ந்து கணக்கெடுத்தார்கள். உயிரோடு மீண்ட சுமார் 5,000 கனேடியக் காலாட்களில் 1,452 பேரிடம் ராஸ் இல்லை. அதை எறிந்துவிட்டு, மாண்டு கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதைவிடத் தெளிவான விண்ணப்பம் எந்தச் சர்க்காருக்காவது வந்ததுண்டா?

விண்ணப்பம் ஆட்டவாவில் ஏற்கப்படவில்லை. யுத்த மந்திரி ஸர் ஸாம் ஹ்யூஸ் ராஸின் பரம பக்தர். அதைக் குறை கூறுவது கனடாவையே குறை கூறுவதாக அவருக்குப் பட்டது. தளபதி ஆல்டர்ஸன் உண்மையை எழுதினார். 1916-இல் அவர் தம் பதவியை இழந்தார். முதல் டிவிஷன் 1915 ஜூனிலேயே துப்பாக்கி மாற்றிக்கொண்டது. மற்றவர்களோ 1916 வரையில் ராஸோடு மன்றாடினார்கள். அவ்வருஷ முடிவில் ஹ்யூஸும் பதவி விட்டார். 1917-இல் தொழிற்சாலையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது.

ராஸ் முற்றிலும் உதவாத கருவி என்றும் சொல்வதற்கில்லை. மறைந்திருந்து குறிவைக்கும் வீரர்கள் கடைசிவரை அதை விடவில்லை. துணியில் சுற்றிக் காப்பாற்றி, நிதானமாக ஒரு குண்டு சுடுபவனுக்கு அது உத்தமமான துணை. சேற்றில் கிடந்து, நிமிஷத்துக்குப் பல குண்டுகள் சுட வேண்டியவனுக்கோ அது யமன். இரண்டாமவனிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் எத்தனையோ தாய்மார்களின் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

இது அயல்நாட்டுப் பழங்கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது. 1999-இல் கார்கில் மலைகளில் நம் ஜவான்கள் ஏந்திச் சென்றது நம் நாட்டிலேயே உருவான இன்ஸாஸ் துப்பாக்கி. அதைச் செய்த ஆலைகளில் நம் திருச்சிராப்பள்ளி ஆலையும் ஒன்று. கடுங்குளிரில் அதன் தோட்டாப் பெட்டி விரிசல் விட்டது என்றும், சுடும்போது சிக்கிக்கொண்டது என்றும் முறையீடுகள் வந்தன. குறைகள் சில திருத்தப்பட்டன. பின்னர் வேறு துப்பாக்கிகளைக் கொண்டுவரத் தீர்மானமாயிற்று. முறையிட்ட ஜவான் நாட்டுக்கு விரோதி அல்லன். நாட்டுக்காகவே பனியில் நின்றவன்.

நம் பொருளை நாமே செய்துகொள்ள வேண்டும். அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் செய்த பொருளின்மேல் உள்ள பாசம், அதைக் கையில் பிடிப்பவனின் வாயை அடைக்கலாகாது. முரட்டுத் துணியைப் பொறுத்துக்கொள்ளலாம். மேலே குத்துமேயன்றி உயிர் போகாது. சுடாத துப்பாக்கியைப் பொறுத்துக்கொள்ளும்படி யாரிடமும் சொல்ல முடியாது. சுதேசியம் என்பது நம் சரக்கை மெச்சுவது மாத்திரம் அன்று. நம் சிப்பாயின் சொல்லை நம்புவதும் அதுவே.