கயாக்கில் ஒரு நிறைகுடம்!

ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் இரண்டு வகை. செத்த மீனைத் தூண்டிலில் மாட்டிவிட்டு, "இன்னிக்குக் கடல் சரியில்லேப்பா" என்று வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் ஒரு வகை. துள்ளுகிற மீனை மாட்டிவிட்டு, "இன்னும் ஒண்ணு... ஒரே ஒண்ணு..." என்று திரும்பவே மனசில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு வகை. கொடுவாயும் பாறையும் வஞ்சிரமும் துள்ளுகிற இரையைத்தான் துரத்தும். ஆறிப்போன இட்லியை நாமே தொடுவதில்லை, அதுகளுக்கு மட்டும் ரோஷம் இருக்காதா?

ஆக, இரை உயிரோடு இருக்க வேண்டும். அதற்குப் படகிலேயே ஒரு தொட்டி வேண்டும். அதை எப்படி அமைப்பது என்று பார்க்க, வாருங்கள், திருவேட்டக்குடிக்குப் போகலாம்!

சென்னையிலிருந்து சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று பஸ் ஆடி அசைந்து போகும். தரங்கம்பாடியில் 1620-ல் டென்மார்க்காரர்கள் எழுப்பிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. பொறையார் தாண்டி, நண்டலாறு தாண்டி, பூவம் வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேருக்குத் திடீரென்று தாகம் எடுக்கும். புதுச்சேரி எல்லை ஆரம்பம்! நாம் பேசப்போவதும் தண்ணி பற்றித்தான். ஆனால் அந்தத் தண்ணி இல்லை. அது உள்ளே போனால் கயாக்கில் ஏறக்கூடாது. அவ்வளவுதான், அதோடு அந்தச் சமாசாரம் முடிந்தது.

1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1-ம் தேதி இந்தியாவோடு இணைந்தது. அந்தக் காரைக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் வரிச்சிக்குடியில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் திருவேட்டக்குடி. திருமேனியழகர் கோயில் இங்கேதான் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அர்ஜுனனுக்காக சிவபெருமான் வேடனாக வந்தார் என்பது ஐதீகம். வேட்டைக்குப் பேர் போன ஊர், பேரிலேயே வேட்டை! மாசி மகத்தன்று சுவாமி கடலாடக் கிளம்பினால் சுற்று வட்டார மீனவ கிராமங்கள் மொத்தமும் கரையில் திரண்டு நிற்கும். புதுச்சேரியின் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருப்பதும் இந்த ஊரில்தான். ஒரு பக்கம் என்ஜினீயரிங், இன்னொரு பக்கம் கடல். தொட்டி கட்ட இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

சரி, கயாக்குக்கு வருவோம். ஆதியில் அது ஆர்க்டிக் பகுதி இனுயிட் மக்களின் தோல் படகு. இப்போது மீன் பிடிக்க விற்பது அதன் பிளாஸ்டிக் பேரன். மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் வகை இது. ஏறுகிற தண்ணீர் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகத் தானே இறங்கிவிடும். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நம்ம கட்டுமரம்தான் சார்! மரத்துக்கு மரம் இடைவெளி, ஏறின தண்ணீர் இறங்கிவிடும், ஆள் நனைவான், மரம் முழுகாது. 'கட்டமரான்' என்று ஆங்கிலேயன் வார்த்தையைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஏதோ இரட்டைப் படகுக்குப் பெயர் வைத்துவிட்டான். இந்தக் கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து, ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன.

கயாக்கோடு நீங்கள் போய் இறங்கினால் கரையில் நிச்சயம் ஒரு பெரியவர் வலை பிரித்துக்கொண்டிருப்பார். உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

"என்ன தம்பி, இது போட்டா, குளிக்கிற தொட்டியா?"

"கயாக்குங்க ஐயா."

"பின்னால டிரம்மு எதுக்கு?"

"உயிர் மீன் போட்டு வைக்க. முப்பது லிட்டர்."

"அது கெடக்கட்டும். நீ எத்தினி கிலோ?"

சிரிக்காதீர்கள். மொத்த விஷயமும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் கடல் நீர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக, 30 லிட்டர் என்றால் 31 கிலோ. நீங்கள் 72. காலித் தொட்டி, பம்ப், குழாய் 4. பாட்டரி 3. தூண்டில், சாப்பாடு, குடிதண்ணீர் 9. கூட்டினால் 119. உங்கள் கயாக்கில் '150 கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தால் அதில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அது 112. ஏழு கிலோ அதிகம்! ஒன்று தொந்தியைக் குறைக்க வேண்டும், இல்லை தொட்டியைக் குறைக்க வேண்டும். தொட்டி சுலபம். 20 லிட்டர் போதும். விரல் நீள மீன் பத்துப் பன்னிரண்டு தாராளமாகக் குடித்தனம் பண்ணும்.

இந்தத் தொட்டியை ஏதோ வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம லட்சத்தீவின் மினிக்காய்க்காரர்கள் பரம்பரையாக இதில் மன்னர்கள். சூரை மீன் பிடிக்கும் அவர்கள் படகின் நடுவே தொட்டி உண்டு. அடியில் துளைகள். துளைக்கு மரக்கட்டை அடைப்பு. கடலில் போய் அடைப்பை எடுத்தால் கடலே உள்ளே வந்துவிடும். அதிகப்படித் தண்ணீரை ஆள் இறைத்துக் கொட்டுவார். தொட்டியில் நீந்தும் பொடி மீன்களைச் சூரைக் கூட்டத்தின் நடுவே வீசி, தண்ணீரையும் விசிறி, கொக்கியில் முள் இல்லாத தூண்டிலால் சடசடவென்று தூக்குவார்கள். அந்தச் சூரைதான் அவித்து, புகை போட்டு, காய்ந்து, மாசியாக நம்ம ஊர்க் கடைகளுக்கு வருகிறது.

மோட்டார் இல்லை, பாட்டரி இல்லை, ஆனால் தத்துவம் ஒன்றுதான்: தண்ணீர் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனே சுமார் 6 மில்லி கிராம்தான். பத்து மீன் அதைச் சீக்கிரமே காலி பண்ணிவிடும். பீச் அவரில் மின்சார ரயில் பெட்டி மாதிரி! ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும்.

மினிக்காய்ப் படகில் தொட்டி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கயாக்கிலோ நாம் உட்காரும் தளமே கடல் மட்டத்துக்கு மேலே. தண்ணீர் தானாக வராது. எனவே பம்ப்.

12 வோல்ட் சின்ன பம்ப் ஒன்று, ஒரு 7 ஆம்பியர்-அவர் பாட்டரி, ஒரு ஃபியூஸ். பாட்டரி தண்ணீர் புகாத டப்பாவுக்குள். ஃபியூஸ் பாட்டரிக்குப் பக்கத்திலேயே. பம்ப்பைத் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டை வழியே கீழே இறக்குங்கள். உடம்பில் புது ஓட்டை போடாதீர்கள். கயாக் பாலிஎத்திலீன். அதில் பசை ஒட்டாது. போட்ட ஓட்டை போட்டதுதான்!

தொட்டி உருண்டையாக இருக்கட்டும். மூலை இருந்தால் மீன்கள் ஆபீஸ் வம்பு பேசுவது போல அங்கேயே கூடி மூக்கை இடித்துக்கொள்ளும். உள்ளே வரும் குழாயை மேல் விளிம்பில், ஓரமாகச் சாய்த்து வையுங்கள். தண்ணீர் வட்டமாகச் சுழலும், காற்றும் கலக்கும். அதையே அடியில் வைத்தால் பம்ப் நின்ற மறு நிமிடம் தண்ணீர் வந்த வழியே கடலுக்குத் திரும்பிவிடும். வெளியேறும் குழாய், உள்ளே வருவதைவிட இரண்டு மடங்கு அகலம். அரை அங்குலத்தில் வந்தால் ஒரு அங்குலத்தில் போக வேண்டும். ஏனென்றால் உள்ளே தள்ளுவது பம்ப், வெளியே இறங்குவது சும்மா சரிவில். வாயில் வலை கட்டுங்கள், இல்லையென்றால் இரை ராஜினாமா கொடுத்துவிட்டுப் போய்விடும்.

20 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 150 லிட்டர் ஓடினால், தண்ணீர் ஏழெட்டு முறை மாறிவிடும். அதற்கு மேல் வேகம் வைத்தால் மீன் எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும். பம்ப் 2 ஆம்பியர் இழுத்தால் பாட்டரி மூன்று மணி நேரம் வருவதே பெரிசு. ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் ஓய்கிற மாதிரி டைமர் போட்டால் எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மேலே ஈரச் சாக்கு போர்த்துங்கள். கீச்சான், மடவை மாதிரி கெட்டி உயிராகப் பாருங்கள். சாளை, நெத்திலிக்கு மனசு சின்னது. சுவரில் நாலு முறை இடித்தால் செதில் உதிர்ந்து சிவலோகம்.

இனிதான் முக்கியம். 'நிறைகுடம் தளும்பாது' என்று நம் பாட்டிகள் சொன்னது அடக்கத்தைப் பற்றி மட்டுமில்லை, படகைப் பற்றியும்தான்! மூடி வரை நிரம்பிய தொட்டியின் தண்ணீர் கிடந்த இடத்தில் கிடக்கும். அரைத் தொட்டித் தண்ணீர், கயாக் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். சாய்கிறவனை மேலும் சாய்க்கும். பத்து லிட்டர்தானே என்று நினைக்காதீர்கள். குறுக்கு அலை வரும் நேரத்தில் அந்தப் பத்து கிலோ தப்புப் பக்கம் போனால் தொட்டி, தூண்டில், நீங்கள் எல்லாரும் தண்ணீரில்.

அதனால் விதி ஒன்றே: ஒன்று முழுசு, இல்லையென்றால் காலி. வெளியேறும் குழாய் மூடிக்குச் சற்றே கீழே. மூடி இறுக்கமாக. தொட்டி இருக்கைக்குப் பின்னால், நட்ட நடுவில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, பட்டையால் இறுக்கிக் கட்டி. கரையிலிருந்து காலித் தொட்டியோடு கிளம்புங்கள். அலை உடைகிற இடத்தைத் தாண்டியபின் நிரப்புங்கள். இரையையும் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். திரும்பும்போது அலைக்கு முன்னால் அடி அடைப்பைத் திறந்து மொத்தமும் இறக்கிவிடுங்கள். மிச்ச இரைக்கு விடுதலை. இரண்டு ரூபாய் மீனுக்காக அரைத் தொட்டியோடு அலையில் இறங்காதீர்கள்.

முதல் நாளே கடல் வேண்டாம். காரைக்காலில் அரசலாறு அமைதியாக ஓடுகிறது. அங்கே தொட்டியோடு நாலு முறை சாய்ந்து பழகுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று, அந்தப் பக்கமே வேண்டாம். கிளம்புமுன் ஹைதராபாத் இன்காய்ஸ் நிலையத்தின் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும், தொட்டிக்கு மெத்தையாக இல்லை! ஆபத்தென்றால் கடலோரக் காவல் படை எண் 1554.

இன்னொன்று. உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அங்கே வலை விட்டிருப்பவர்களுக்கு அது சோறு. மிதவை தெரிகிற இடத்தில் சுற்றிப் போங்கள். "எங்கே போகலாம் ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். நீரோட்டம் எந்தப் பக்கம், அலை எங்கே உடையும் என்பது எந்த பம்ப் கூடவும் வருகிற புத்தகத்திலும் இருக்காது. அந்தப் பெரியவருக்குத் தெரியும்.

எத்தினி கிலோ என்று அவர் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் சொல்கிற எடை கடலில் செல்லாது!