எங்கள் இல்லத்து வேதாகமத்தின் முன்னேடு

வேதாகமம் வாசித்துத் தியானிப்பதற்குரிய நூலென்பதை யாவரும் அறிவர். ஆயினும் கிறிஸ்தவ இல்லங்களில் அது பிறிதொரு பணியையும் நெடுங்காலமாக ஆற்றி வந்திருக்கின்றது. ஜனனம், ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றைத் தேதியோடு தாங்கி நிற்கும் குடும்பச் சரித்திர ஏடும் அதுவே.

மேனாட்டில் இவ்வழக்கம் மிகப் பரவியிருந்தது. இங்கிலாந்தில் திருச்சபைகள் பதிவேடு வைக்கவேண்டுமென்று 1538 ஆம் ஆண்டிலே கட்டளை பிறந்தது; அரசாங்கப் பதிவோ 1837 ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. பதிவு அரிதாயிருந்த இடங்களில் இல்லத்து வேதாகமமே சாட்சியாயிற்று. அமெரிக்க விடுதலைப் போரில் சேவித்த வீரர்களின் விதவையருக்கு உபகாரச் சம்பளம் வழங்க 1836 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டபோது, தம் விவாகத்தை நிரூபிக்க வேறு வழி காணாத மூதாட்டியர் பலர், வேதாகமத்தின் குடும்பப் பதிவேட்டைக் கிழித்து அரசாங்கத்திற்கு அனுப்பினர். அவ்வேடுகள் வாஷிங்டன் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. பிள்ளைகளின் பெயரெழுதிய ஏட்டை வயிற்றின்பொருட்டுக் கிழித்த கைகள் எவ்வளவு நடுங்கினவோ!

எங்கள் இல்லத்திலும் அத்தகைய வேதாகமம் ஒன்றுண்டு. அதன் முன்னேட்டில், கிராமப் பள்ளி ஆசிரியராயிருந்த என் பாட்டனார், 1978 ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய துதிக்கை வடிவ 'லை'யும் 'னை'யும் விளங்க, தம் விவாகத்தையும் மக்களின் பிறப்பையும் வரிசையாக எழுதியிருந்தார். சென்ற தை மாதம் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். "தமிழ் படிக்கிறவன் நீ, நீயே எழுது" என்று தந்தையார் அந்நூலை என்னிடம் தந்தார்.

எழுத எடுத்தபோதுதான் ஒன்றைக் கண்டேன். பெரியப்பா பிறந்த 1966 ஆம் ஆண்டு வரிக்கும், தந்தையார் பிறந்த 1971 ஆம் ஆண்டு வரிக்கும் இடையே ஒரு வரியளவு இடம் வெறுமையாக இருந்தது. மற்றெல்லா வரிகளும் நெருங்கியிருக்க, இஃது ஏனென்று பாட்டியிடம் வினவினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

பின்பு, "நடுவிலே ஒருத்தன் இருந்தான், ஐயா. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின செவ்வாய் பிறந்தான். ஞாயிறன்று ஐயர் வந்து ஞானஸ்நானம் கொடுப்பதாயிருந்தது. வெள்ளிக்கிழமையே போய்விட்டான். பேர் இல்லாத பிள்ளைக்கு என்ன எழுதுவதென்று தாத்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்" என்றார். ஆண்டு 1968 என்பது அவருக்கு நன்கு நினைவிருந்தது. அவ்வாண்டு உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்ரல் 14 ஆம் நாள். ஆகவே குருத்தோலை ஞாயிறு 7 ஆம் நாள். குழந்தை பிறந்த செவ்வாய் 2 ஆம் நாள், மரித்த வெள்ளி 5 ஆம் நாள் என்று கணித்துச் சொன்னேன். "தேதி தெரிந்துவிட்டதே, அதையாவது எழுது" என்றார் பாட்டி.

வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்த பெரியப்பாவோ தடுத்தார். குடும்ப வமிசாவளியிலும் கல்லறைக் கல்லிலும் எழுதப்பட்டவற்றைச் சாட்சியாக ஏற்க 1872 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இடந்தந்தது. 2024 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் அவ்வாறே இடந்தருகின்றது. ஆயினும் அவ்வெழுத்து வழக்கு எழுவதற்கு முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். "பிற்காலத்துக் கை ஒன்று பழைய வரிகளுக்கிடையே புகுந்தால், ஏடு முழுவதையும் சந்தேகிப்பார்கள்" என்பது அவர் வாதம். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. பாட்டியின் கண்ணீரிலும் நியாயம் இருந்தது.

இருவர் சொல்லையும் எண்ணிப் பார்த்து, அவ்வெற்றிடத்தை நான் தொடவில்லை. பாட்டனாரின் மரணத்தைக் குறித்தபின், ஏட்டின் அடியில், "1968 ஏப்ரல் 2 செவ்வாய், ஆண் மகவு ஜனனம், ஏப்ரல் 5 வெள்ளி, மரணம். தாயார் சொல்லக் கேட்டுப் பேரன் எழுதியது" என்றெழுதி, எழுதிய நாளின் தேதியையும் இட்டேன். பெரியப்பா வாசித்துப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டி கண்ணாடியை அணிந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். "பெரியவனுக்கு அடுத்தவன்" என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

1969 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திற்குப்பின் பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள் எங்கும் கிடைக்கின்றன. ஆதலின் இல்லத்து ஏடு இனி எதற்கென்று சிலர் கேட்கக்கூடும். சான்றிதழ் ஒருவர் பிறந்ததைச் சொல்லும். அவர் யாருக்கு அடுத்தவர், யாரால் நினைக்கப்பட்டவர் என்பதைச் சொல்லாது. ஆகையால் நண்பர்காள், இவ்விடுமுறையில் உங்கள் இல்லத்து வேதாகமத்தின் முன்னேட்டைத் திறந்து பாருங்கள். அங்கே வெற்றிடம் காணப்படின், அதன் காரணம் அறிந்த முதியோர் உயிரோடிருக்கையிலேயே கேட்டுக் குறித்து வையுங்கள்.