தம்புராவுக்குப் போட்டியா ஒரு மோட்டார்

கற்பலகை, பித்தளைக் கூம்புன்னு டர்ன்டேபிளுக்கு அடியில முட்டுக்கொடுக்கிற ஆளுங்க இங்க புனேலயும் இருக்காங்க. தரை அதிர்ந்தா அதெல்லாம் சரிங்க. அதிர்ற மோட்டாரே பெட்டிக்குள்ள உக்காந்திருந்தா வெளியில எத்தனை கல் வெச்சு என்ன?

கும்பகோணத்துலேர்ந்து அப்பா எங்களோட இருக்க வந்தப்போ அவரோட பழைய டர்ன்டேபிளும் வந்துச்சு. ரெக்கார்டெல்லாம் பெரும்பாலும் வீணை. ஆலாபனை மெதுவா ஆரம்பிக்கும்போது தம்புராவோட சேர்ந்து "உம்ம்ம்"னு இன்னொரு ஸ்ருதி! வயசானா காதுல முதல்ல மங்குறது கீச்சு ஒலிகள்தான், உறுமல் அப்படியே கேக்கும். எனக்கு லேசா இருந்தது அவருக்கு வீணையையே மூடிடுச்சு. "அப்புறம் கேட்டுக்கலாம்டா"ன்னு எழுந்து போயிட்டார். 78 வயசுக்காரர் சொல்ற 'அப்புறம்' எனக்குப் பிடிக்கலை.

முதல்ல குற்றவாளியைப் பிடிக்கணும். பெல்ட்டைக் கழட்டி, சுத்தாத ரெக்கார்டு மேல ஊசியை வெச்சு மோட்டாரை மட்டும் ஓட விடுங்க. ஊசியைத் தூக்கினதும் சத்தம் போச்சுன்னா அது மோட்டார் அதிர்வு. தூக்கியும் போகலைன்னா எர்த், வயர் பக்கம் தேடுங்க.

எங்களுது மோட்டார்தான். ஏசி சிங்க்ரனஸ் வகை. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அரை அலைக்கும் காந்த இழுப்பு ஒருதடவை ஏறி இறங்கும், ஆக நொடிக்கு 100 அதிர்வு. வீணையோட மந்தரம் பேசுற அதே வட்டாரம். பெட்டி வழியா அது ஊசி வரைக்கும் போயிடும். ஊசிக்குப் பள்ளத்தோட ஆட்டம் எது, பெட்டியோட ஆட்டம் எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது.

பிளக்கைப் பிடுங்கிட்டுத் திறந்து பார்த்தா, மோட்டாரைத் தாங்குற ரப்பர் வளையங்கள் கல்லாட்டம் இறுகியிருந்துச்சு. தப்கீர் கல்லியில நாலு கடை ஏறி இறங்கி மெத்துன்னு புதுசு வாங்கினேன். ஸ்க்ரூவை இறுக்கி முறுக்கக் கூடாதுங்க. ரப்பர் நசுங்கினா பழைய கதைதான். மோட்டார் கையால அசைச்சா லேசா ஆடணும். பேரிங்குக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், அவ்வளவே.

அன்னிக்கு அப்பா ஒரு பக்கம் முழுசும் உக்காந்து கேட்டார். "இப்பதான் தம்புரா தம்புராவா இருக்கு"ன்னார்.

ஹெட்போன்ல கேட்டா இன்னும் கொஞ்சம் உறுமல் இருக்கு. அடுத்த சந்தேகம் கெப்பாசிட்டர் மேல. மோட்டாரோட ரெண்டு சுருளுக்கும் கால் அலை வித்தியாசம் கொடுக்கிறது அதுதான். பழசாகி அதோட அளவு மாறினா அதிர்வு கூடும். அதே மதிப்புல புதுசு மாத்தித் தர ஒரு எலக்ட்ரீஷியன் ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கார்.