விலக்கில் நின்ற பாட்டு

ராதாபுரத்திலிருந்து திருச்செந்தூருக்குக் காவடி எடுத்து நடந்த வருஷங்களில் அப்பா அண்ணாமலை ரெட்டியாரின் சிந்துகளைப் பாடிக்கொண்டே போவார். ஒரு தடவை கூட நடந்த நான் கையால் தாளம் போட்டு, "அடிக்கு அடி தப்புதுப்பா" என்றேன். கச்சேரி முடிவில் செஞ்சுருட்டியில் துக்கடாவாக வரும் சிந்துதான் எனக்கு அளவுகோல். "சரிடே, படிச்சவன் சொன்னாச் சரிதான்" என்றார். அதன்பின் அவர் பாடவில்லை.

ராபர்ட் ஜான்சனின் 'க்ராஸ் ரோட் ப்ளூஸ்' என்னிடம் வந்ததும் இப்படித் தலைகீழாகத்தான். முதலில் கேட்டது, 1968இல் க்ரீம் குழு மேடையில் வாசித்தது. எரிக் க்ளாப்டனின் கிடார். பிசகாத 12 பார் சட்டகம். பிறகுதான் 1936இல் டெக்ஸாஸில் ஜான்சன் தனியாகப் பாடிப் பதிவான மூலம். என் கை தானாகத் தாளம் போட ஆரம்பித்து, இடறி நின்றது. ஒரு வரியை அவர் நீட்டுகிறார். இன்னொன்றைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார். கவுண்டரில் கணக்கை நேர்செய்தே பழகிய எனக்கு அது முதலில் பிழையாகவே பட்டது.

ஜான்சன் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றார் என்கிற கதை பாட்டைவிடப் பிரபலம். பாட்டில் சாத்தான் இல்லை. பொழுது சாய, விலக்கில் ஒருவன் கைகாட்டி நிற்கிறான். வண்டி எதுவும் நிற்கவில்லை. இருட்டியபின் தெரியாத ஊரில் தனியாக அகப்பட்ட கறுப்பினத்தவனுக்கு அன்றைய மிஸிஸிப்பியில் என்னவும் நேரலாம். அந்த நீட்டலும் குறுக்கலும் பயத்தின் மூச்சாகவே எனக்குக் கேட்கிறது.

க்ளாப்டன் அதைச் சீராக்கினார். சீராக்கியதால்தான் மூன்று பேர் சேர்ந்து வாசிக்க முடிந்தது. என் வரைக்கும் வந்தது. அதைக் களவு என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சீரான வடிவத்தையே மூலத்துக்கும் அளவாக்குவது வேறு. விமர்சனம் என்ற பெயரில் நான் அப்பாவுக்குச் செய்தது அதுதான்.

ரெட்டியாரின் சிந்து, ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்த வழிநடைக்காகப் பிறந்தது. மேடு வந்தால் அடி குறுகும். தோள் மாற்றினால் ஓர் அட்சரம் கூடும். அப்பா தப்பவிட்டது என் தாளத்தை, தன் நடையை அல்ல. ரெட்டியார் 1891இல் இறந்தபோது வயது 26. ஜான்சன் 1938இல், 27. இருவருக்கும் பிறகு யார் யாரோ பாடினார்கள். அப்பா மட்டும் நிறுத்திக்கொண்டார்.

போன வாரம் ஜான்சனைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். பாஷை தெரியாது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தோளு மாத்துதான்டே" என்றார்.

பாடச் சொல்லிக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.